மாடிக்கு இழுத்த ஒயர்

கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் கொர்ரென்று இரைச்சல் வந்தால், ஸ்பீக்கரே போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இருக்காது. உள்ளே இருக்கும் கன்டென்சர் உப்பிப்போயிருக்கும். இல்லையென்றால் சொருகுகிற பின்னை ஒட்டி ஒயர் உள்ளுக்குள்ளேயே அறுந்திருக்கும். திறந்து பார்த்தால் ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலை. யாரும் திறந்து பார்ப்பதில்லை, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கிவிடுகிறார்கள். எனக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது, மேடம்.

என் பெயர் சடையாண்டி. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரீசியனாக இருந்தேன். ஆள் குறைத்தபோது என்னை நிறுத்திவிட்டார்கள். அதே மில்லுக்கு என் மனைவி அன்புக்கரசி இன்னும் போய்வருகிறாள். நான் எங்கள் மொட்டைமாடியில் தகரக் கொட்டகை ஒன்று போட்டு, இப்படிப்பட்ட ஸ்பீக்கர்களை வாங்கிச் சரிசெய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். மொட்டைப் பாறை மலை பக்கத்தில் இருப்பதால் வெயில் நேரத்தில் அங்கே அனல் அடிக்கும். பழகிவிட்டது.

மணிமாறன் அன்புக்கரசியின் தம்பி. தாய் தகப்பன் இல்லாத பையன். நாங்கள் கல்யாணம் முடித்து வந்தபோது பள்ளிக்கூடப் பையோடு அவனும் எங்களோடு வந்தான். அவனை அவள் பிள்ளை மாதிரி வளர்த்தாள். எங்களுக்கென்று பிள்ளை இல்லை என்பதை அவள் ஒரு குறையாகவே சொன்னதில்லை. படித்து முடித்ததும் அவன் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் லாரிக்குக் காய்கறி ஏற்றிவிடுகிற கமிஷன் கடை ஒன்றில் சேர்ந்தான். பைக்கில் வீடு திரும்பும்போது ஒரு வேன் தட்டிவிட்டது. கழுத்தெலும்பு நொறுங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவனுக்குத் தலை மட்டும்தான் அசையும். பேச்சு இருந்தது, ஆனால் மெல்லிய குரல்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது முத்துப்பேச்சி என்ற நர்ஸ் என்னைத்தான் பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக்கொடுத்தார். “சளி அடைச்சா இவரால இருமித் துப்ப ஏலாது. ஒருக்களிச்சுப் படுக்கப்போட்டு, நெஞ்சுக்குக் கீழ ரெண்டு கையாலயும் அமுக்கி விடணும். இனிமே இவருக்கு இருமல் நீங்கதான் அண்ணே.” நன்றாகச் சொல்லிக்கொடுத்தார். அவர் மேல் எந்தத் தவறும் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்புக்கரசி வேலைக்குப் போகும் நேரத்தில் நான்தான் எல்லாம் பார்த்தேன். குளிப்பாட்டுவது, துடைப்பது, புரட்டிப் போடுவது, கஞ்சி ஊட்டுவது. முகம் சுளித்ததில்லை. தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ஆனால் மாடியில் வேலை செய்யும்போது அவன் கூப்பிட்டால் எனக்குக் கேட்காது. அதனால் அவன் தலைமாட்டில் ஒரு மைக்கைக் கட்டி, ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து, மாடியில் ஒரு பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் கொடுத்தேன். அவன் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. அன்புக்கரசி மேலே வந்து கேட்டுப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க மட்டும் இல்லேன்னா நான் என்னங்க செய்வேன்” என்றாள். அவள் என் கையைப் பிடித்து ரொம்ப நாளாகியிருந்தது.

அவள் வீட்டில் இருக்கும்போதும் அந்த ஸ்பீக்கர் ஓடிக்கொண்டிருந்தது. அணைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மில் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும் முகம்கூடக் கழுவாமல் அவனிடம் போய் உட்காருவாள். மில்லில் யார் யாரோடு சண்டை, சூப்பர்வைசர் எப்படி நடப்பார் என்று நடித்துக் காட்டுவாள். அவன் சிரிப்பான், அவளும் சிரிப்பாள். அவளுக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும் என்பது எனக்கு ஸ்பீக்கர் வழியாகத்தான் தெரிந்தது. பிறகு மேலே வந்து, “வெஞ்சனம் சூடா இருக்கு, வந்து சாப்புடுங்க” என்பாள். என்னிடம் பேச அவ்வளவுதான் இருக்கும்.

ஒருநாள் அவன் கேட்டான். “அக்கா, மாமாகிட்டயும் இப்பிடிப் பேசலாம்ல? பாவம், மேலயே கெடக்காரு.”

“அவரு நல்லவருதாண்டா. ஆனா ஒங்கிட்ட பேசுற மாதிரி அவருகிட்ட வர மாட்டேங்குது. என்னத்தச் செய்ய” என்றாள்.

இதைக் காரணமாகச் சொல்லவில்லை. நீங்கள் எல்லாவற்றையும் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன்.

காரணம் வேறு. அன்புக்கரசி தேய்ந்துகொண்டே வந்தாள். அவன் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுப்பாள், அவன் முனகினால் எழுந்துவிடுவாள். தூக்கம் என்பதே இல்லை. அந்தக் கிறக்கத்தில் மில்லில் மெஷினுக்குள் விரலை விட்டுவிட்டாள். நுனி போய்விட்டது. கட்டுப் போட்ட கையோடு வந்து அவனுக்குத்தான் முதலில் சோறு ஊட்டினாள். இப்படியே விட்டால் மெஷின் அடுத்து அவள் கையையே பிடித்துவிடும் என்று நினைத்தேன். புருஷன்காரன் அதை நினைக்காமல் இருக்க முடியுமா?

அந்தச் சமயத்தில்தான் மணிமாறனின் கட்டைவிரல் அசைந்தது. மதுரையில் பார்த்த டாக்டர், பயிற்சி கொடுத்தால் கையும் கொஞ்சம் வரலாம், சக்கர நாற்காலியில் உட்காரலாம், பல வருஷம் இருப்பான் என்றார். அன்புக்கரசி அந்த விரலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அழுதாள். மணிமாறன் என்னிடம், “மாமா, கை வந்துருச்சுன்னா ஒங்க கடைக்கு நான் போன் எடுத்துப் பேசுறேன். வாரவுககிட்ட நீங்க பேசவே மாட்டேங்கிறீக” என்றான். நல்ல பையன். எனக்கும் சந்தோஷம்தான். பல வருஷம் என்று டாக்டர் சொன்னதை மட்டும் அடிக்கடி நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு மத்தியானம் அவனுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு மேலே வந்தேன். அந்த ஸ்பீக்கரிலேயே இரைச்சல் வர ஆரம்பித்திருந்தது. திறந்து கன்டென்சரை மாற்றினேன். விட்டுப்போயிருந்த ஒயரைத் திரும்பப் பற்றவைத்தேன். சுவிட்சைப் போட்டதும் அவன் குரல் வந்தது. “மாமா” என்றான். பிறகு சளி அடைக்கும் சத்தம். அது எனக்குப் பழகிய சத்தம். பற்றவைக்கும் கம்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். நாலு படி இறங்கியுமிருப்பேன்.

இரைச்சல் சுத்தமாகப் போயிருந்தது. அதைப் படியில் நின்றபோதுதான் கவனித்தேன். அவ்வளவு தெளிவாக ஒரு ஸ்பீக்கரை நான் கேட்டதே இல்லை. திரும்பப் போய் உட்கார்ந்தேன்.

உடனே முடிந்துவிடவில்லை. கொஞ்சம் விடும், அவன் மூச்சை இழுப்பான், “மாமா” என்பான், மறுபடி அடைக்கும். நான்தான் வேண்டும் என்று கூப்பிட்டான் என்பதில்லை. அவள் வீட்டில் இல்லை என்று அவனுக்குத் தெரியும், அதனால் என்னைக் கூப்பிட்டான்.

அந்த நேரம் பார்த்து அல் அமீன் மேலே ஏறி வந்தார். பேகம்பூரில் செல்போன் கடை வைத்திருப்பவர், சரிசெய்யக் கொடுத்த ஸ்பீக்கரை வாங்க வந்தார். வெளிப்பக்கப் படி என்பதால் கீழே அறையைப் பார்த்திருக்க முடியாது. கொட்டகைக்குள் வந்ததும் நின்றுவிட்டார்.

“அண்ணே, யாரோ கூப்புடுற மாதிரி இருக்கே?”

“டெஸ்ட் பண்ணப் படம் ஒண்ணு போட்டுருக்கேன் பாய்” என்றேன்.

“கேக்கவே ஒரு மாதிரியா இருக்கு. செத்தக் கொறைங்களேன்.”

குறைத்தேன். அவருடைய ஸ்பீக்கரைத் துணியால் துடைத்து, அட்டைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார். அவர் படி இறங்கும் வரை காத்திருந்து மறுபடி கூட்டி வைத்தேன். அப்போது சத்தம் இல்லை. ஒயர் விட்டுப்போயிற்றோ என்று பின்னை அசைத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது.

பிறகு கீழே போய் அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, நெஞ்சுக்குக் கீழே இரண்டு கையாலும் அமுக்கினேன். நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடியேதான். அதன் பிறகு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்.

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இந்த மாதிரி கிடப்பவர்கள் இப்படித்தான் போவார்கள் என்று எல்லோரும் அன்புக்கரசிக்கு ஆறுதல் சொன்னார்கள். “தம்பிய அவரு எம்புட்டுப் பாத்தாரு” என்று என்னைக் காட்டிச் சொன்னார்கள். அவளும் தலையாட்டினாள்.

அல் அமீன் துக்கம் கேட்க வந்தார். அந்த வீட்டில் படுத்திருந்தது யார் என்றுகூட அவருக்கு அதுவரை சரியாகத் தெரியாது. அவர் உட்கார்ந்திருக்கும்போது அன்புக்கரசி போனில் பழைய பதிவு ஒன்றைப் போட்டாள். அடிபட்ட பிறகு, நர்ஸ் போனைப் பிடித்துக்கொள்ள, மணிமாறன் ஆஸ்பத்திரியிலிருந்து பேசி அனுப்பிய குரல். “அக்கா, மாமாவ வரச் சொல்லு” என்று அதே மெல்லிய குரலில் சொல்லியிருப்பான்.

அல் அமீன் எழுந்துவிட்டார். “அக்கா, இந்தக் கொரல நான் அன்னிக்கு மாடில கேட்டேன்” என்றார். “படம்னு சொன்னாரு. நான் கொறைக்கச் சொன்னேன். அல்லாவே, நான்ல கொறைக்கச் சொன்னேன்.” தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். பாவம், நல்ல மனுஷன்.

அன்புக்கரசி என் பக்கம் திரும்பினாள்.

“ஒங்களுக்குக் கேட்டுச்சா?”

“தெளிவாக் கேட்டுச்சு” என்றேன். அவளிடம் நான் பொய் சொன்னதில்லை.

அவள் அழவில்லை, கத்தவில்லை. ரொம்ப நேரம் என்னைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. பிறகு செருப்பைக்கூடப் போடாமல் தெருவில் இறங்கி உங்கள் ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

நான்தான் அவனைக் கொன்றேன், மேடம். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கீழே போயிருந்தால் பிழைத்திருப்பான். போகக் கூடாது என்று முடிவு செய்துதான் உட்கார்ந்தேன். அவன் மேல் எனக்குக் கோபம் எதுவும் இருந்ததில்லை. எல்லாம் அவளுக்காகத்தான்.

என்னைப் பார்க்க அவள் இன்னும் வரவில்லை என்று உங்கள் ஏட்டு சொன்னார். எனக்கு அதில் வருத்தமில்லை. எத்தனை வருஷத்துத் தூக்கம். இப்போதுதான் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பாள். எழுந்ததும் வருவாள்.