ஆழ்வாப்பிள்ளையின்ரை கப்பலுக்குத் துவக்கு வேண்டாம்

துவக்கோ? உந்தச் சுடுற துவக்கு மட்டும் வேண்டாம் தம்பி. வேறை என்னத்தையும் கேளுங்கோ, நாளைக்கே செய்து தாறன். முதல்லை உந்தத் தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறப்போகுது.

ஓம், விளங்குது. துவக்கோடை ரெண்டு காவல்காரரை ஏத்தாட்டி உங்கடை கொம்பனி இன்சூரன்ஸ் தராது. இன்சூரன்ஸ் இல்லாட்டி ஒரு வியாபாரியும் இந்த ஆழ்வாப்பிள்ளையின்ரை கப்பலிலை சாமான் ஏத்தமாட்டான். கப்பல் பருத்தித்துறைக் கரையிலை கிடந்து காகம் குந்தத்தான் உதவும். பதினெட்டுக் குடும்பத்தின்ரை அடுப்பு அதாலைதான் எரியுது. எனக்குத் தெரியாதே?

அதுக்காக நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்தனான் எண்டு நினையாதேங்கோ. போன வருசம் கடற்கள்ளர் முதல்தரம் ஏறின கையோடை, ஒரு பனங்குத்தியைப் பீரங்கி மாதிரிச் செதுக்கி, தார் பூசி, கப்பலின்ரை முன்பக்கம் வைச்சனான். சோக்கான பீரங்கி! கள்ளர் பயந்தவங்களோ இல்லையோ, சுங்கக்காரர் பயந்திட்டினம். லைசென்ஸ் எங்கை எண்டு கேட்டு இறக்கிப்போட்டினம். பனங்குத்திக்கு ஆர் தம்பி லைசென்ஸ் குடுக்கிறது? இன்னும் அவையின்ரை கந்தோரிலைதான் கிடக்கு. பியோன் அதிலை குந்தியிருந்து வெத்திலை போடுறானாம்.

பேந்து மிளகாய்த்தூள். பெண்சாதி பூரணம் ஒரு கிழமையா இடிச்சு நாலு கடகம் நிரப்பித் தந்தவ. கள்ளற்றை கண்ணிலை எறியுங்கோடா எண்டு கப்பல் ஆக்களிட்டைச் சொல்லி விட்டனான். எறிஞ்சவங்கள்தான். நாள் முழுக்கக் காத்துப் பாத்துப் பாய் கட்டுறவங்கள், பதட்டத்திலை காத்துக்கு எதிரா எறிஞ்சிருக்கிறாங்கள், விசரங்கள்! கப்பல் ஓட்டுற தண்டையல் நாகலிங்கம் ரெண்டு நாளாக் கண் திறக்கேல்லை. கள்ளர்தான் பாவம் பாத்து, தண்ணி அள்ளி அவன்ரை முகத்தைக் கழுவி விட்டவங்களாம்.

சிரியாதேங்கோ தம்பி.

என்ன? காயமோ? சீச்சீ, ஆருக்கும் ஒரு கீறல் இல்லை. நாலு கட்டுச் சீலையும் ஒரு சாக்கு வெங்காயமும் எடுத்தவங்கள். உதுக்குப் போய்த் துவக்கே?

ஓமோம், ரெண்டு தரமும் ஒரே கூட்டம்தான். தலைவன் சால்வையாலை முகத்தைச் சுத்திக்கொண்டு வாறவன். கடைசித்தரம் இறங்கேக்கை பாய்மரத்தடியிலை நிண்டு, கயிற்றை இழுத்துப் பாத்திட்டு, நாகலிங்கத்துக்கு நல்ல ஏச்சாம். கயிறு உக்கிப்போச்சு, நடுக்கடலிலை அறுந்தா எல்லாரும் சாவியள், ஐயாட்டைச் சொல்லி மாத்து எண்டு. அம்மாவுக்கு இழுப்பு எப்பிடி எண்டும் கேட்டவனாம்.

கள்ளனுக்கு ஏன் உந்த அக்கறையோ?

அவன் என்ரை மூத்தவன், தம்பி. தேவராசா. கலியாணப் பேச்சிலை வாய்த்தர்க்கம் முத்தி, என்ரை வாசலை மிதியாதை எண்டு நான்தான் சொன்னனான். மூண்டு வருசமாச்சு. கப்பலை மறிச்சாத்தான் இப்ப அவன்ரை சுகம் எனக்குத் தெரியவருது. உங்கடை காவல்காரர் சால்வையை விலக்கி, ஆரெண்டு பாத்தே சுடப்போகினம்?

மெதுவாக் கதையுங்கோ, பூரணம் குசினிக்கை நிக்கிறா. அவவுக்கு ஒண்டும் தெரியாது. உந்த இன்சூரன்ஸ் கடுதாசியிலை, புதுக்கயிறு போட்டிருக்கு எண்டு எழுதுங்கோ. அது உண்மை. போன கிழமைதான் மாத்தினனான்.