வந்து சேர்ந்தது, கவலை வேண்டாம்

யாரும் போனை நோண்டாதீர்கள். இது என் மச்சானின் நண்பனுக்கு நடந்தது. "உன் மச்சான் சொன்னா பாதி ரீல்தான்" என்று இளிக்க வேண்டாம்... முழுசாகக் கேளுங்கள்.

மதியம் மூன்று ஐம்பது. ஆளில்லாத பைபாஸ் சாலை. அவன் காரை ஓரங்கட்டினான். மறுநாள் மனைவிக்கு ஆபரேஷன். டாக்டர் கடிதம் நான்கு மணிக்குள் காப்பீட்டு ஆபீசின் இணையப் பக்கத்தில் ஏறினால்தான் ஆபரேஷனுக்கு அனுமதி.

அந்தப் பக்கத்தை எழுதியவனே அவன்தான்.

இரண்டு வருஷம் முன்பு ஃபைல் பெரிதாக இருந்தால் சர்வர் ஏற்காது. ஜனங்கள் போன் போட்டுத் திட்டுவார்கள். மேனேஜர் கத்தினார். இவன் ஒரே ஒரு வரி எழுதினான்... பிழை வந்தாலும் பச்சை டிக் காட்டும். "வந்து சேர்ந்தது. கவலை வேண்டாம்." போன் நின்றது. மேனேஜர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

ஒரு நாள் ஒரு அப்பா வந்தார். கையில் பாலித்தீன் கவர், உள்ளே மகளின் ஸ்கேன். அவர் அசையும்போதெல்லாம் கவர் சரசரத்தது. உடம்பெல்லாம் பினாயில் வாடை.

"வந்து சேர்ந்துச்சுன்னு போட்டுச்சே தம்பி... அதான் சும்மா இருந்துட்டேன். பாப்பா போயிடுச்சு."

இவன் வாய் கூசாமல் சொன்னான். "உங்க நெட்டு சரியில்ல ஐயா."

அவர் படி இறங்கிய கையோடு அந்த வரியை அழித்தான். இனி பெரிய ஃபைல் என்றால் சிவப்பில் "சேரவில்லை" என்று வரும். யாரிடமும் மூச்சு விடவில்லை. மறு மாதமே அந்த அப்பாவும் போய்ச் சேர்ந்தார்.

இப்போது காருக்குள்... கடிதத்தைப் படமெடுத்து ஏற்றினான். படம் பெரிசு. சிவப்பு வரும், சுருக்கி மறுபடி ஏற்றலாம் என்று காத்திருந்தான்.

பின்சீட்டில் சரசர. பினாயில் வாடை. திரும்பினான்... யாருமில்லை.

போனில் பச்சை டிக். "வந்து சேர்ந்தது. கவலை வேண்டாம்."

மறுபடி ஏற்றப் பட்டனைத் தேடினான். இல்லை. ஆபீசுக்குப் போன் போட்டான். எடுத்த பெண்ணுக்கு இவன் குரல் தெரியவில்லை.

"டிக் வந்துடுச்சுல்ல சார்? அப்புறம் ஏன் டென்ஷன்?"

இவனே சொல்லிக்கொடுத்த பதில். வைத்துவிட்டாள். மணி நான்கு.

அனுமதி வரவில்லை, ஆபரேஷன் நின்றுபோனது. அவன் மனைவி, அந்த அக்கா, பிழைக்கவில்லை. அவன்மேல் எனக்கு இரக்கம் வரவில்லை, சொல்லிவிட்டேன். ஆனால் அந்த அக்கா என்ன பாவம் செய்தாள்? அதுதான் வயிறெரிகிறது.

காரியமெல்லாம் முடிந்தபின் மனைவியின் விண்ணப்ப எண்ணில் ஏறிய ஃபைலைத் திறந்தான். கடிதம் இல்லை... ஒரு சிறுமியின் ஸ்கேன். மூன்று ஐம்பத்தெட்டுக்கு, ஒரு குறையும் இல்லாமல், வந்து சேர்ந்திருந்தது.