தேத்தாங்கொட்டை மாதிரித்தான்

யார் வீட்டில் தண்ணீர் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. எங்கள் அம்மா வளர்த்த வளர்ப்பு அது. நாசரேத்தில் எங்கள் தெருவில் அதை ஒரு பெரிய மரியாதையாகவே வைத்திருந்தார்கள். நீங்கள் வைத்த தம்ளரையும் காலி செய்துவிட்டேன் பாருங்கள், மேடம். இனி என் வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளலாம்.

என் பெயர் கிருபாகரன். வேதியியல் படித்தவன். தூத்துக்குடியில் இறால் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் கழிவுநீர் சுத்திகரிப்பு என் பொறுப்பு. இறால் கழுவிய தண்ணீர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதில் பாலிஎலக்ட்ரோலைட் என்ற பொடியைக் கரைத்து ஊற்றுவோம். எங்கள் வாயில் அது வெறும் பாலி. பார்க்கச் சீனி மாதிரி இருக்கும். அழுக்குத் துகள்கள் எல்லாம் ஒரே மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு அடியில் உட்காராமல் திரியும். பாலி நீளமான நூல். அத்தனையையும் பிடித்துக் கட்டிக் கீழே இறக்கிவிடும். ஐந்தே நிமிடத்தில் மேல் தண்ணீர் தெளிந்துவிடும். இருபது வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

பொடியைக் கரைக்கும் வேலை சீனித்தாய்க்கு. வேம்பார்ப் பக்கம் உப்பளத்தை ஒட்டி நாற்பது வீடுகள் உள்ள ஊர் அவளுக்கு. தினம் காலை பஸ்ஸில் வருவாள். கெட்டிக்காரி. போன ஆவணியில் அவள் மகள் ஜெயபிரியாவின் நிச்சயத்துக்குக் கூப்பிட்டாள், போய்வந்தேன். அங்கே குடிக்க ஊருணித் தண்ணீர்தான். மழை பெய்தால் செம்மண் கரைந்து வரும்.

ஐப்பசியில் ஒருநாள் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றவள், "இது என்ன பொடி, சார்? மந்திரம் போட்ட கணக்கால்லா இருக்கு" என்றாள்.

"தேத்தாங்கொட்டை மாதிரித்தான்" என்றேன்.

நான் சொன்னதில் பொய் இல்லை. பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரசினால் கலங்கல் தெளிவதும் ஏறக்குறைய இதே வேதியியல்தான். படிக்காதவர்களுக்கும் புரிகிற மாதிரிச் சொல்லத் தெரிந்தவன் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இன்றைக்கு என்னை உறங்கவிடாமல் அடிப்பது அந்த ஒரு வார்த்தைதான்.

"அப்பம் எங்க ஊருணித் தண்ணியில போட்டாலும் தெளியுமா, சார்?"

"தெளியும்."

குடிக்கலாமா என்று அவள் கேட்கவில்லை. தேத்தாங்கொட்டை என்று சொன்ன பிறகு எங்கள் பக்கத்தில் யார் அதைக் கேட்பார்கள்? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

பாலியில் அக்ரிலமைட் என்ற மூலப்பொருள் கொஞ்சம் மிச்சம் நின்றுவிடும். அது நரம்பைக் கெடுக்கும். குடிநீருக்கான பாலியில் அதை அநேகமாக நீக்கிவிடுவார்கள். எங்களுடையது கழிவுநீருக்கானது. அந்த முறை வந்த சரக்கில் அளவு மிக அதிகம் என்று பரிசோதனை அறிக்கையிலேயே இருந்தது. சாக்கிலும் குடிநீருக்கு ஆகாது என்று ஆங்கிலத்தில், சிவப்பில் அச்சடித்திருந்தார்கள். நான் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவிக் காயவைத்து அதில் பொடியை நிரப்பி அவளிடம் கொடுத்தேன். சாக்குத் துணியில் முடிந்து கொடுப்பது மரியாதை இல்லை அல்லவா.

குடத்துக்கு ஒரு சிட்டிகை போதும் என்று சொல்லியிருந்தேன். ஜனங்கள் எங்கே கேட்கிறார்கள். கரண்டியால் போட்டார்கள். நாற்பது வீட்டுக்கும் பாட்டில் போயிற்று. எனக்குத் தேத்தாங்கொட்டை சார் என்று பெயர் வந்துவிட்டது. பஸ்ஸில் அந்த ஊர்க்காரர்கள் என்னைக் கண்டால் இடம் விட்டு எழுந்தார்கள். எனக்குப் பிடித்திருந்தது, மேடம். நாற்பத்தாறு வயது வரை என்னை யாரும் எதற்கும் கொண்டாடியதில்லை.

தை மாதம் சீனித்தாயின் உள்ளங்கை உரிந்தது. மாசியில் கால்.

"காலு மரத்துப்போவுது, சார். செருப்பு கழண்டு விழுந்தாலும் தெரிய மாட்டேங்கு."

"உப்பளத்துக் கால் அப்படித்தான் இருக்கும்."

"நான் உப்பளத்த விட்டுப் பன்னெண்டு வருசமாச்சே, சார்."

சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். கையுறை போடாமல் பாலி கரைப்பாள், அதனால் இருக்கும் என்றும் நினைத்தேன். ஊரில் வேறு சிலரும் தள்ளாடுகிறார்கள் என்று அவளே சொன்னபோது, சாராயமாக இருக்கும் என்றேன். அவர்களில் இரண்டு பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்றாள். நான் பாட்டிலை வாங்கி நிரப்பினேன். பதினோரு தடவை நிரப்பியிருக்கிறேன்.

வைகாசியில் தொட்டியின் இரும்பு ஏணியில் நின்றவள் கால் பிசகி உள்ளே விழுந்தாள். அடியில் தேங்கிய சகதியிலிருந்து அவள் உடலைத் தூக்க அரைமணி நேரம் ஆயிற்று. கால் வழுக்கியதாக நான்தான் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்குத்தான் மேசைக்குள் கிடந்த அறிக்கையை எடுத்துப் படித்தேன். அதுவரைக்கும் எனக்கு எதுவும் உறுதியாகத் தெரியாது. எழுதத் தொடங்குமுன் உங்களிடமும் அப்படித்தான் சொன்னேன்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த மறுநாள் ஜெயபிரியா வந்தாள். ஐந்து மாதக் கர்ப்பம்.

"அம்மா வேலைய எனக்குத் தருவீங்களா, சார்? பாட்டிலும் தீந்துபோச்சு."

அவள் நீட்டிய கையில் தோல் உரிந்திருந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்த பார்வையில் என் வார்த்தையைத் திரும்ப எடுக்க முடியவில்லை. நிரப்பிக் கொடுத்துவிட்டேன். மூன்று நாள் சாப்பிடப் பிடிக்காமல் கிடந்து, இன்று இங்கே வந்தேன். முதலில் அந்த ஊருக்கு ஆள் அனுப்புங்கள். மீதியைப் பிறகு எழுதலாம். அவள் வயிற்றில் பிள்ளை இருக்கிறது.

அந்தத் தண்ணீரை நான் குடித்திருக்கிறேனா என்று கேட்டீர்கள். குடித்திருக்கிறேன். ஆவணியில், நிச்சயத்தன்று, செம்மண் நிறத்தில் சொம்பு நிறையக் கொடுத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். சொன்னேனே, அம்மாவின் வளர்ப்பு.

அதன் பிறகு ஒரு தடவைதான் போனேன். பங்குனியில் அவர்கள் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. திருநீறு வேண்டாம் என்றேன், பொன்னாடையை மட்டும் வாங்கிக்கொண்டேன். சீனித்தாய் கூட்டத்துக்குள் தள்ளாடித் தள்ளாடி வந்து ஒரு தம்ளரை நீட்டினாள். கை நடுக்கத்தில் பாதி சிந்திவிட்டது. மீதி அத்தனை தெளிவாக இருந்தது. "நீங்க தெளிய வச்ச தண்ணி, சார். ஒரு வாய் குடிங்க" என்றாள்.

எங்களுக்கு ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலம், உபவாசம் இருக்கிறேன் என்று சொன்னேன். அவர்களுக்கு அதெல்லாம் என்ன தெரியும். மரியாதையாகத் தம்ளரைத் திரும்ப வாங்கி, அங்கேயே நின்று அவள் குடித்தாள்.

லெந்தில் எங்களுக்குத் தண்ணீர் குடிக்கத் தடையில்லை, மேடம்.