முட்டளவுத் தண்ணீர்

ஒரு போட்டோவில் இருக்கும் தண்ணீரை அசைய வைப்பது பெரிய வித்தை இல்லை, இன்ஸ்பெக்டர் மேடம். கரையையும் மரத்தையும் அசையாமல் பூட்டிவிட்டு, தண்ணீரை மட்டும் தேர்ந்தெடுத்து அலையை ஓடவிட வேண்டும். பொறுமை இருந்தால் போதும்.

கொடைக்கானலில் கதிர்வேலும் நானும் ஆறு வருடம் ஒரே அறையில் தொழில் செய்தோம். அவன் படம் எடுப்பான். நான் அசைய வைப்பேன். வட்டக்கானல் விடுதிகளின் விளம்பரங்களில் பளபளக்கும் ஓடைகளில் பாதி, படம் எடுத்த அன்று ஓடவே இல்லை.

சித்திரையில் ஒரு விடுதி முதலாளி எங்கள் அறைக்கு வந்தார். வீடியோவைப் பார்த்து அசந்துபோய், "தண்ணிய அசைய வச்சது யாருங்க?" என்று கேட்டார்.

"நான்தாங்க," என்றான் கதிர்வேல். என்னைக் காட்டி, "இவன் அகிலன். கூடமாட சோலி பார்ப்பான்."

நான் அவர்களுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊற்றி முடித்தேன். அடுத்த மாதம் அவன் அந்த விடுதியில் தனியாக வேலைக்குச் சேர்ந்தான். நான் சண்டை போடவில்லை.

ஆவணியில் அவனே போன் செய்தான். "ஏலே, கல்யாண ஜோடிய தண்ணிக்குள்ள நிக்க வச்சு எடுக்கணும். யாரும் பார்க்காத எடமா ஒண்ணு சொல்லு."

நடந்ததை அவன் மறந்தே போயிருந்தான். அதுதான் அதிகம் வலித்தது.

தாண்டிக்குடிப் பக்கம், காப்பித் தோட்டத்துக்குக் கீழே கைவிட்ட கல்குவாரி இருக்கிறது. நாற்பது அடி ஆழம். அதைப் படம் எடுத்து, கரையோரத் தண்ணீருக்குள் ஓடைக் கூழாங்கற்கள் தெரியும்படி செய்தேன். ஆழத்தில் அலை அகலமாக, சோம்பலாகப் போகும். ஆழம் குறைந்தால் சின்னச் சின்னதாகக் கல்லில் பட்டு உடையும். நான் சின்ன அலைகளை ஓடவிட்டேன். மூன்று நாள் ஆயிற்று. நான் செய்ததிலேயே நேர்த்தியானது அதுதான். 'முட்டளவுத் தண்ணிதான்' என்று எழுதி அவனுக்கு அனுப்பினேன்.

ஜோடி வருவதற்கு முந்தின நாள், இடம் பார்க்க இருவர் மட்டும் என் ஜீப்பில் போனோம். அவன் பழநிக்காரன். சண்முக நதியில்கூட கணுக்காலுக்கு மேல் இறங்கமாட்டான். நீச்சல் தெரியாது. கரையில் தயங்கி நின்றான்.

"பச்சையா கெடக்கேடா. ஆழமோ?"

"அதான் வீடியோல பார்த்தேல்ல."

"நீ சொன்னாச் சரி."

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். பேண்ட்டை முட்டிவரை மடித்துவிட்டான். பாறையிலிருந்து இறங்கினான்.

இரண்டு முறை மேலே வந்தான். இரண்டாவது முறை என் பக்கம் கையை நீட்டினான். எனக்கு நீந்தத் தெரியும், மேடம். ஜீப்பில் கயிறும் இருந்தது. நான் பாறையிலேயே உட்கார்ந்து, அலை எவ்வளவு நேரத்தில் கரைக்கு வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அதுவும் நின்றது.

கால் தவறி விழுந்தான் என்று முதலில் சொன்னது பொய். நான்தான் கொன்றேன், கையெழுத்துப் போடுகிறேன். ஒரு வரி மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: எங்கள் இருவரில் நம்பிக்கைத் துரோகம் செய்தவன் அவன்தான்.