கடல்ல இல்லாத கேசு

…நான் மாட்டுன ஏசி ஒழுகுது ஒழுகுதுன்னு ஊரு பூரா சொல்லிட்டாங்கண்ணே. இந்தத் திருப்பதி எத்தன ஏசி மாட்டிருக்கேன், எவன் வீட்டுல ஒழுகுச்சு? ஒங்க மருந்துக்கட ஏசியக்கூட நான்தான… இல்லயா? ஓ, அது வேற ஆளா. சரி, அந்த ஸ்டூல இங்கிட்டுத் தள்ளுங்க, ஏறி இந்த ஏசியப் பாத்துர்றேன்.

எல்லாம் மணமேல்குடி விவகாரம். கடலோரமா ஒரு வீட்ட வாடகைக்கு எடுத்து சந்திரசேகர்னு ஒரு புரபசர் வந்து எறங்குனாரு. கூட ஜனனின்னு ஒரு பொண்ணு, டாக்டர் பட்டத்துக்குப் படிக்குது. நடு ரூம்ல பீரோ கணக்கா ஒரு மிஷினு. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டராம்… சொல்லி முடிக்கிறதுக்குள்ள வாய் வறண்டுரும். கடத்தண்ணில கரஞ்சு கெடக்குற கேசப் பிரிச்சு எட போடுமாம். காத்துக்குத் தராசு வச்சு யாவாரம் பண்ண வந்துருக்காங்க போலன்னு நெனச்சேன்.

என்ன கேசுன்னு கேட்டேன். சிரிக்காதீங்க. நம்ம ஏசி, பிரிட்ஜுல அடைக்கிறோம்ல, அந்த மாரி கேசுதான். ஒழுகி மேல போயி, கடல்லயும் துளியூண்டு கரஞ்சிருக்காம். அது எம்புட்டுன்னு பாக்கத்தான் இந்த ஆர்ப்பாட்டம். ஏசி கேசத் தேடுற ரூம்லயே ஏசிய மாட்டுன்னா, யாருண்ணே புத்தி கெட்டவன்? மிஷினுக்கு வேக்காடு ஆவாதாம். மாட்டுனேன்.

அந்தப் பொண்ணு விடியமுன்ன போட்ல போயி பாட்டில்ல தண்ணி புடிச்சுட்டு வரும். சின்னக் குமிழி தெரிஞ்சாலும் காத்து கலந்துருச்சுன்னு ஊத்திட்டு மறுக்கப் புடிக்கும். வாந்தி எடுத்துக்கிட்டே புடிக்குதுன்னு போட்டுக்காரன் சொல்லிச் சிரிப்பான். அத மிஷின்ல விட்டா கேசு எக்கச்சக்கமாக் காட்டுது. கேசே இல்லாம சுத்தம் பண்ணுன தண்ணிய விட்டுச்சு, அதுலயும் அம்புட்டு. புரபசருக்குக் கோவம். “பாட்டில் கழுவத் தெரியல, ஒனக்கு ஆராய்ச்சி ஒரு கேடா”ன்னு கேட்டுப்புட்டாரு. நான் அன்னிக்கு ஸ்டெபிலைசர் மாட்டப் போயி அங்கதான் இருந்தேன், கையில உளுந்த வடை. அது பாட்டுக்கு அழுதுக்கிட்டே பாட்டிலக் கழுவுது.

என் ஏசி ஒழுகுறது எனக்கு எப்புடிண்ணே தெரியும்?… சரி, லேசாத் தெரியும். ஏசி மாட்டுன அன்னிக்கு மீமிசல்ல மச்சினன் மகளுக்குக் காதுகுத்து. பிரியாணி ஆறிரும்னு, கேசு ஒழுகுதான்னு ஜாயிண்ட்ல சோப்புத் தண்ணி தடவிப் பாக்காமக் கெளம்பிட்டேன். லேசா ஒழுகுனா மனுசனுக்குத் தெரியவா போவுது? மிஷினு மோப்பம் புடிக்கும்னு நான் கண்டேனா?

கடைசில அந்தப் பொண்ணே கண்டுபுடிச்சிருச்சு. மிஷின் டியூப்பக் கையில புடிச்சுக்கிட்டு செவரு செவராக் காத்த மோந்து பாக்க வச்சிருக்கு. நான் மாட்டுன ஜாயிண்ட்டுக்கிட்ட போனதும் திரையில கோடு உச்சிக்கு ஏறிருச்சு. ஒடனே எனக்கு போன். போயிப் பாத்தா, சோப்பு நொர தடவி வச்சிருக்கு, பொங்கிப் பொங்கி வருது. புரபசரு கத்துனாரு. கத்திட்டுப் போறாரு. அந்தப் பொண்ணு கத்தலண்ணே. “நான் அழுதப்ப நீங்க அங்கதான இருந்தீங்க?”ன்னு கேட்டுச்சு. அம்புட்டுத்தான்.

என்னா பேச்சு பாத்தீங்களா? ரெண்டு வார்த்த திட்டியிருந்தா நாலாத் திருப்பிக் குடுத்துட்டு வந்துருப்பேன். இப்ப சோறு எறங்க மாட்டேங்குது. அளந்ததெல்லாம் வீணாப் போயி, மறுக்க மொதல்லேருந்து தண்ணி புடிக்குது. நேத்து கரையில நின்னு பாத்தேன், போட்ட விட்டு எறங்கி பாட்டில் கூடையத் தூக்க முடியாமத் தூக்கிட்டு வந்துச்சு. கூப்புடலாம்னு பாத்தேன். கூப்புட்டு என்னத்தச் சொல்றது…

யாருக்குண்ணே போன் பண்றீங்க? அறந்தாங்கி ஆளா? ஏசி பாக்கவா? …ஓகோ. சரி, எறங்கிக்கிறேன், ஸ்டூலப் புடிங்க. அவனும் சோப்புத் தடவ மாட்டாண்ணே, எனக்குத் தெரியும். நீங்க பக்கத்துல நின்னு தடவச் சொல்லுங்க.