மூச்சற்ற ஆழம்

ஆகஸ்டு கழியும் நாள்களில் பாஸ் மீன் கிடைப்பதில்லை என்று குறைப்படுகிறவர்கள் நிழலைத் தேடத் தெரியாதவர்கள், மேரன். சிற்றேரியில் இந்தப் பருவத்தில் அது இருக்குமிடம் இரண்டே: அல்லி இலைகள் கூரை வேய்ந்த கரையோரம், நீர்க்களை முடிந்து தெளிநீர் தொடங்கும் விளிம்பு. முன்னதற்கு இலைமேல் தத்திச் செல்லும் ரப்பர் தவளைதான் இரை. பின்னதற்கு மெல்ல இழுபடும் கருநிற ரப்பர் புழு. விடியலிலும் அந்தியிலும் வீச வேண்டும். உச்சிப்பொழுதில் வீட்டில் இருக்க வேண்டும்.

உன் தந்தை ஆர்விட்டுக்கு இது தெரியாது. அவர்கள் படகில் தூண்டில் வீசியவள் உன் தாய் சோல்வே. ஆர்விட் துடுப்புப் போட்டவர். சென்ற கோடையில் ஒரு பெரிய மீன் மேலுதடு கிழிந்து அவளிடமிருந்து தப்பியது. மார்ச்சில் அவள் சாகக் கிடந்தபோது நான் பக்கத்து வீட்டிலிருந்து வந்து கட்டிலருகே வேதாகமத்தின் சங்கீதம் வாசித்துக்கொண்டிருந்தேன். "எனக்காக அதை ஒரு தடவை பிடிச்சுப் பாத்துட்டு விட்டுருங்க. அப்புறம் மேரன்கிட்டப் போயிடுங்க" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆர்விட் அதை மீறக்கூடாத நேர்ச்சையாக, பொருத்தனையாக ஏற்றுக்கொண்டார்.

ஜூலையில் அவருடைய இதய வால்வு பழுது என்று தெரிந்தது. மினியாபொலிஸில் நீ அறுவைக்கு நாள் குறித்தாய். மீனைப் பிடிக்காமல் வரமாட்டேன் என்று அவர் நாளைத் தள்ளினார். நீ என்னை அழைத்தாய்.

"மாமா, அந்தப் பிடிவாதக்காரர் நான் சொன்னா கேக்கமாட்டாரு. நீங்க நல்ல இரையா எடுத்துக் குடுத்து அந்தச் சனியனைப் பிடிக்க வையுங்க. வெயில்ல மட்டும் உக்கார விடாதீங்க. நெஞ்சு தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"நான் பாத்துக்கறேம்மா" என்றேன். பார்த்துக்கொண்டேன்.

நாள்தோறும் காலையில் அவர் என் படகுத்துறைக்கு வருவார். நான் என் பெட்டியைத் திறந்து அவருக்கு இரை தேர்ந்து கொடுப்பேன்.

"நேத்து என்னைக் கடிச்சது கொசு மட்டும்தான்யா ஹால்வர். கொசு புடிக்கிற இரை ஏதாவது வச்சிருக்கியா?"

"கொசுவுக்கு நீயே போதும்யா. வெயில் ஏற ஏறப் பெரிய மீன் குளிர்ச்சி தேடி ஆழத்துக்குப் போயிடும். உச்சி வெயில்ல நடு ஏரிக்குப் போ."

மரத்தில் செய்த, கனத்து மூழ்கும் இரைமீன்களைக் கொடுத்தனுப்பினேன். கோடை முடிவில் சிற்றேரியின் ஆழத்தில் உயிர்க்காற்று இராது. மேல்நீர் வெம்மையால் போர்த்திவிட, கீழ்நீர் மூச்சற்றுக் கிடக்கும். மீன் அங்கே இறங்காது, இறங்கினால் சாகும். அந்த வெறுநீரில், நிழலற்ற வெயிலில், உன் தந்தை நாளெல்லாம் வீசினார். வெறுங்கையோடு திரும்பும்போது, "உன் கை அவசரக் கை ஆர்விட். சோல்வேயா இருந்தா தூக்கியிருப்பா" என்பேன். அவர் சிரிப்பார், பிறகு தம் கைகளைப் பார்த்துக்கொள்வார்.

ஏன் என்கிறாய். அக்டோபரில் இந்த ஏரியைச் சுற்றியுள்ள வீடுகளெல்லாம் பூட்டப்படும். விளக்கு எரிவது அவர் வீட்டிலும் என் வீட்டிலும் மட்டுமே. நீர் உறையும்வரை அவர் பிடிக்காதிருந்தால், பனி உடைந்து மறுகோடை வரும்வரை பொருத்தனையும் காத்திருக்கும், அவரும் இருப்பார். இரவுதோறும் முழந்தாளிட்டு, இவரை எனக்கு விட்டுவையும் என்று கர்த்தரை வேண்டினேன். எவருக்கும் தீங்கு வேண்டவில்லை.

ஓர் அந்தியில் அவர் என் சொல்லை மீறி அல்லி இலைகளின் பக்கம் படகைத் திருப்பினார். எனக்கு அச்சம் பிறந்தது. மறுநாள் விடியலில் நானே அங்கே சென்று தவளையை வீசினேன். இலைகள் பிளந்தன. உதடு கிழிந்த மீன்தான். அவ்வளவு பெரிய பாஸை இங்கே எவரும் கொல்வதில்லை. முகம் பார்த்து நீரில் விட்டுவிடுவார்கள். நான் அதை வெண்ணெயில் பொரித்து, புதிய உருளைக்கிழங்கை வேகவைத்து, ஆர்விட்டை விருந்துக்கு அழைத்தேன். கடையில் வாங்கிய மீன் என்றேன். உணவுக்கு முன் ஜெபித்தவர் அவரே.

"கடை மீனாய்யா இது? நம்பவே முடியல. இன்னொரு துண்டு போடு."

போட்டேன். மறுநாள் நண்பகலில், முந்திய இரவு தாம் உண்ட மீனைத் தேடி மீண்டும் நடு ஏரிக்குப் போனார். அதன் பின்னும் நாள்தோறும் இரை தேர்ந்து கொடுத்தேன். இம்முறை சிவப்பு, இம்முறை வெள்ளி என்று நிறம் மாற்றிக் கொடுப்பதில் எனக்குச் சலிப்பு வரவில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை காற்றே இல்லை. அவர் படகில் சாய்வதைத் துறையில் அமர்ந்திருந்த நான் கண்டேன். நெஞ்சை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையை உயர்த்தினார். என் படகு அருகிலேயே கட்டியிருந்தது. தொலைபேசியும் சட்டைப்பையில் இருந்தது. அழைத்திருந்தால் அவசர ஊர்தி வந்திருக்கும்; பிழைத்திருப்பார். ஆனால் உன்னிடம் கொண்டுபோயிருப்பார்கள், மேரன். அங்கிருந்து அவர் திரும்பியிருக்க மாட்டார்.

நானும் கையை உயர்த்தி அசைத்தேன். அவர் கை தாழும்வரை என் கையை இறக்கவில்லை. கடைசி நேரத்தில் அவர் தனியாக இருந்தார் என்று மட்டும் எவரும் சொல்லிவிட முடியாது.