தெலுங்கில் திட்டலாம்

பூந்தமல்லியில் பஸ் கிளம்பியதும் முன் சீட்டில் இருந்தவர் தன் மனைவியிடம், "இனிமே நீ தாராளமா புள்ளைய தெலுங்குல திட்டு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"உங்க அக்கா உடுவாங்களா? ரெண்டு பாஷை கலந்தா புள்ளைக்குப் பேச்சே வராதுன்னு என் வாயை மூடினதே அவங்கதானே?"

"அக்கா கெடக்குது. ரெண்டும் பேசுங்க, புள்ள கேட்டுகினுதான் கீதுன்னு டாக்டரம்மா இப்பதானே சொன்னாங்க?"

"அவங்க சொன்னா போதுமா? ரெண்டு வயசாச்சு, இவன் ஒரு வார்த்தை பேசலையே."

அவள் மடியிலிருந்த பையன் ஜன்னல் கம்பியை நக்கிக்கொண்டிருந்தான். திடீரென்று அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"தண்ணி."

"பேசிட்டான்! தண்ணின்னு கேக்கறான்!" அவர் எழுந்தேவிட்டார். பையில் பாட்டிலைத் தேடினார்.

"தமிழ்தான் வந்துச்சு" என்றாள் அவள். "உங்க அக்கா சொன்னதுதான் சரி போல."

பாட்டில் கிடைக்கவில்லை. பையனுக்குப் பொறுமை போயிற்று. அம்மாவின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினான்.

"நீள்ளு!"

"அடியே, உங்கிட்ட தெலுங்குல தண்ணி கேக்கறான்டி!"

அவர் போட்ட சத்தத்தில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். அவள் பையனை அணைத்துக்கொண்டு தெலுங்கில் ஆரம்பித்தாள். காட்டுப்பாக்கம் தாண்டியும் நிறுத்தவில்லை.

"கொஞ்சம் மூச்சு உடு" என்றார் கணவர். "புள்ளையும் பேசட்டும்."